என் வாழ்நாளில் ஒரே ஒரு முனிசிபல் ஓட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரி நெல்லித்தோப்பில் 1994 முதல் இட்லிக் கடை நடத்தி வருகிறேன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சட்டமன்றத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் எத்தனை முறை ஓட்டுப் போட்டேன் என்று எண்ணி வைக்கவில்லை. முனிசிபல் தேர்தலுக்கு மட்டும் எண்ண வேண்டிய அவசியமே இல்லை. ஒரே ஒரு முறை, 2006-ல். அதற்கு முன் இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 1968-ல். அப்போது எனக்கு ஆறு வயது. 2006-ல் ஜெயித்தவர்களின் ஐந்து வருடம் 2011-ல் முடிந்தது. 2021-ல் தேதி வரைக்கும் அறிவித்தார்கள். இட ஒதுக்கீட்டு விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய் அதுவும் நின்றது. என் பேத்தி பிளஸ் டூ படிக்கிறாள். போன மாதம் பாடப் புத்தகத்தோடு வந்து, "கவுன்சிலர்னா யாரு ஆயா, நம்ம தெருவுல யாரு?" என்று கேட்டாள். மாவு கரைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

இப்போது மறுபடி உள்ளாட்சித் தேர்தல் பேச்சு கடையில் அடிபடுகிறது. நடக்கிறபோது நடக்கட்டும். ஆனால் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருபவர்களிடம் இந்த முறை என்ன கேட்பது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம். நிற்பதற்கு வேட்டி மடித்துக் கட்டியிருப்பவர்களில் யாராவது உங்கள் பத்திரிகை படிப்பவராக இருந்தால் நல்லது.

முதலில் ஒரு சிலாப் கதை. கடை வாசலில் ஓடும் சைடு வாய்க்காலின் மேல் மூடியிருந்த சிமென்ட் சிலாப் ஒன்று இரண்டு வருடத்துக்கு முன் உடைந்தது. காலையில் இட்லி வாங்க வந்த பெரியவர் ஒருவரின் கால் முழங்கால் வரை உள்ளே போய், நல்ல வேளை, சிராய்ப்போடு வெளியே வந்தது. அன்றே ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "இது எங்க வாய்க்கால் இல்லம்மா, அவங்களோடது" என்றார்கள். அவங்களிடம் போனேன். "வாய்க்கால் எங்களோடதுதான், ஆனா ரோடு போடறப்பதான் சிலாப் உடைஞ்சிருக்கு, ரோடு போட்டவங்கதான் மாத்தணும்" என்றார்கள். ரோடு போட்டவர்களைத் தேடி மூன்றாவது அலுவலகம் போனபோது அங்கே இருந்தவர் ரொம்ப மரியாதையாக நாற்காலி போட்டு உட்கார வைத்து, முதலில் போன அலுவலகத்தின் முகவரியை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். கடைசியில் 1,400 ரூபாய் கொடுத்து நானே ஒரு கடப்பைக் கல் வாங்கிப் போட்டேன். அதற்குப் பிறகுதான் ஒருவர் வந்தார். வாய்க்கால் மேல் கல் போட்டிருப்பது ஆக்கிரமிப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் யாரையும் நான் திட்ட வரவில்லை. பொய் சொன்னதாகவும் நினைக்கவில்லை. நம் ஊரில் வேலைகள் அப்படித்தான் பிரிந்து கிடக்கின்றன. குடிநீர் பொதுப்பணித் துறையின் வேலை. மின்சாரம் மின்துறையின் வேலை. குப்பையும் தெருச் சுத்தமும் உள்ளாட்சியின் வேலை. வாய்க்காலில் பெரியது ஒருவருக்கு, சின்னது இன்னொருவருக்கு. என் தம்பி மகன் காலாப்பட்டில் சட்டம் படிக்கிறான். அவனிடம் கேட்டேன். அரசியல் சட்டத்தில் 74-வது திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்தது, பன்னிரண்டாவது அட்டவணையில் 18 வேலைகள் நகராட்சிகளுக்கு என்று எழுதியிருக்கிறது, குடிநீர், குப்பை, தெருவிளக்கு, பூங்கா, சுடுகாடு எல்லாம் அதில் வரும் என்றான். அப்படியானால் ஏன் கொடுக்கவில்லை என்றேன். "கொடுக்கலாம்னுதான் அத்தை சட்டம் சொல்லுது. கொடுத்தே ஆகணும்னு சொல்லலை" என்றான். ஒரு 'லாம்' என்ற எழுத்துக்குள் என் சிலாப் விழுந்து கிடக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

2006 ஞாபகத்துக்கு வருகிறது. எங்கள் வார்டில் ஜெயித்த பையன் தேர்தலுக்கு முன்னாலும் என் கடையில்தான் சாப்பிடுவான், பின்னாலும் என் கடையில்தான் சாப்பிட்டான். பெரிய சாமர்த்தியசாலி என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலை ஏழு மணிக்கு அவன் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான், நான் சட்னிக் கரண்டியோடு நிற்பேன், தப்பிக்க முடியாது. குழாயில் தண்ணீர் விடியற்காலை நாலரைக்கு வந்து ஐந்தரைக்கு நின்றுவிடும் காலம் அது. "தம்பி, நாலரைக்கு நான் மாவைப் பாக்கறதா, குடத்தைப் பாக்கறதா?" என்றேன். குடிநீர் அவன் கையில் இல்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் வால்வு திறப்பவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தான். பக்கத்துத் தெருவுக்கும் எங்களுக்கும் நேரத்தை மாற்றிப் போட்டார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அது வேறு விஷயம். ஒரு கவுன்சிலரின் உபயோகம் என்று நான் கண்ணால் கண்டது இதுதான்: கத்துவதற்கு ஓர் ஆள், அந்த ஆள் நம் தெருவிலேயே சாப்பிட வேண்டிய ஆள்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதுகிறேன், என் பிழைப்பு அதில் இருக்கிறது. இட்லிக் கடைக்காரிக்குத் தண்ணீரைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம், துவரம்பருப்பு போதும். உப்பும் கடினமும் ஏறிய தண்ணீரில் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு குழையாது. கடை தொடங்கிய புதிதில் குழாய்த் தண்ணீரிலேயே சாம்பார் வைத்தேன். இப்போது வைத்தால், "என்னக்கா, பருப்பு முழிச்சிக்கிட்டு இருக்கு" என்று கேட்டுவிட்டுத்தான் கை கழுவப் போகிறார்கள். அதனால் சாம்பாருக்கும் குடிக்கவும் கேன் தண்ணீர். ஒரு நாளைக்கு மூன்று கேன், விசேஷ நாளில் ஐந்து. தினமும் எத்தனை இட்லி விற்ற காசு தண்ணீருக்கே போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்து, பிறகு போடுவதையே நிறுத்திவிட்டேன்.

நம் ஊர் குடிப்பது நிலத்தடி நீர். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே முத்திரையர்பாளையத்திலிருந்து ஊருக்குள் தண்ணீர் கொண்டு வந்தார்கள். பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டுதான் நிற்கிறது. கடலோர ஊரில் போர் போட்டு உறிஞ்ச உறிஞ்ச, நல்ல தண்ணீர் காலி செய்த இடத்துக்குக் கடல் வந்து குடியேறும். இதற்கு மருந்தாகத் தெருவுக்குத் தெரு ஆர்.ஓ. இயந்திரம் வைக்கிறேன் என்று சொல்ல வேட்பாளர்கள் கட்டாயம் வருவார்கள். அந்த இயந்திரம் வடிகட்டியது போக மிச்சம் தள்ளுகிற உப்புத் தண்ணீர் எங்கே போகும் என்று அவர்களிடம் கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்து அது வாய்க்காலுக்குத்தான் போகிறது. உப்பாகிவிட்டது என்பதற்காக இன்னும் அதிகமாக உறிஞ்சி, அதில் ஒரு பங்கைக் கொட்டுகிறோம்.

இன்னொன்று. பைப் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தினம் இரண்டு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட வருவார். அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். குழாயில் தண்ணீர் ஓடும்போது உள்ளே அழுத்தம் இருக்கும். விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியே கசியும், அவ்வளவுதான். தண்ணீரை நிறுத்தியதும் அழுத்தம் இறங்கி, அதே விரிசல் வெளியில் இருப்பதை உள்ளே இழுக்கும். வெளியில் இருப்பது எது? நம் வீட்டு இணைப்புக் குழாய்கள் பாதி வாய்க்காலைக் குறுக்கே தாண்டித்தானே வருகின்றன. அதனால்தான் தண்ணீர் விட்டதும் முதலில் வருவது கலங்கி, சில நாள் நாற்றமடித்து வருகிறது. அன்றிலிருந்து முதல் இரண்டு வாளியை வாசல் தெளிக்க வைத்துக்கொள்கிறேன். வயிற்றுப்போக்கு வந்த பிறகு மருத்துவ முகாம் போடுவதாகச் சொல்லும் வேட்பாளரை விட, "என் வார்டில் வாய்க்காலைத் தாண்டும் குழாய் இத்தனை, அதை முதல் வருடம் தூக்கி மேலே கட்டிவிடுவோம்" என்று எண்ணிக்கொண்டு வருகிறவருக்கு என் கடையில் ஒரு மாதம் இட்லி இலவசம். எழுதிவிட்டேன், பின்வாங்க மாட்டேன்.

வாய்க்கால். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அந்த மழைக்கு எந்த வாய்க்காலும் தாங்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் கிரைண்டர் மோட்டார் தண்ணீரில் போனதற்கு யார் மீதும் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கே தெருவில் கணுக்கால் தண்ணீர் நிற்கிறதே, அதற்கு என்ன பதில்? நான் முப்பது வருடமாக ஒரே இடத்தில் அடுப்புக்குப் பின்னால் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். தூர் வார ஆட்கள் வருவது முதல் மழை பெய்த பிறகு. வாரிய சேற்றை வாய்க்கால் ஓரத்திலேயே குவிப்பார்கள், காய்ந்த பிறகு அள்ளலாம் என்று. மழைக்காலத்தில் அது எங்கே காயும்? அடுத்த மழை அந்தக் குவியலை அப்படியே உள்ளே தள்ளிவிடும். மறுபடி வாருவார்கள். ஒரே சேற்றை ஒரு சீசனில் மூன்று முறை வாரியதை நான் எண்ணியிருக்கிறேன். அந்தச் சேற்றுக்கு என்னைத் தெரியும் போலிருக்கிறது. ஆனி, ஆடியில் வாரி அன்றைக்கே வண்டியில் ஏற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இதற்குப் புதுத் திட்டமோ தில்லி நிதியோ தேவையில்லை. காலண்டர் பார்க்கத் தெரிந்தால் போதும். வாய்க்காலில் இறங்குகிறவர்களுக்குக் கையுறையும் பூட்ஸும் கொடுப்பேன் என்பதையும் அதே வாக்குறுதியில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் காலோடு இறங்கிவிட்டு என் கடைக்கு வந்து, உள்ளே வரத் தயங்கி, வாசலில் நின்றே டீ கேட்கிறவர்களை நான் தினம் பார்க்கிறேன்.

குப்பையைப் பற்றிச் சுருக்கமாக. என் கடையில் தினம் இரண்டு வாளி ஈரக் குப்பை விழுகிறது: எச்சில் இலை, காய்த் தோல், மிச்சம் மீதி. மக்குவது தனி, மக்காதது தனி என்று பிரித்து வைக்கிறேன். 2016-ல் வந்த விதிகளிலேயே பிரிப்பது கடைக்காரர் பொறுப்பு என்று இருக்கிறது, சரி. நான் பிரித்துக் கொடுத்ததை என் கண் முன்னாலேயே ஒரே வண்டியில் கொட்டிக் கலந்துவிட்டால் நான் எதற்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு பிரிக்க வேண்டும்? குருமாம்பேட் கிடங்கில் மலையாகக் குவிந்த பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கச் செலவழிக்கிறார்கள். இங்கே வாசலில் பிரித்ததைக் கலந்து, அங்கே போய்ப் பிரிக்கிறோம். வேட்பாளர் எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: என் வார்டு ஈரக் குப்பை எந்த இடத்தில் உரமாகப் போகிறது? இடத்தின் பெயர் சொன்னால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

தெருவிளக்கு எரிகிறது. எரியாதபோது சொன்னால் நான்கு நாளில் வந்து மாற்றுகிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"எம்.எல்.ஏ.வே எல்லாம் பண்றாரே, கவுன்சிலர் எதுக்கு?" என்று கடையில் ஒரு கட்சி உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நமக்கு முப்பது தொகுதி, மொத்தம் ஏறக்குறைய பத்து லட்சம் வாக்காளர், ஆக ஒரு எம்.எல்.ஏ.வுக்கு முப்பதாயிரம் சொச்சம். தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ.வைப் பார்க்க நாள் கணக்கில் அலைய வேண்டும். இங்கே கல்யாண மண்டபத்தில் பந்தியில் பக்கத்து இலையில் பார்த்துவிடலாம். ஆனால் முப்பதாயிரம் பேருக்குச் சாக்கடை அடைப்பும் அவர்தான், சட்டமும் அவர்தான் என்றால் இரண்டில் ஒன்று கெடும். அவரிடம் சிலாப் கேட்டால் கொடுப்பார், தயவாகக் கொடுப்பார். எனக்குத் தயவு வேண்டாம். நான் வீட்டு வரியும் கடை லைசென்ஸும் கட்டுகிறேன்.

கடற்கரைப் பக்கம் போகும்போதெல்லாம் மேரி கட்டடத்தைப் பார்ப்பேன். 2014 மழையில் இடிந்து விழுந்ததை அதே போலவே எழுப்பி 2021-ல் திறந்துவிட்டார்கள். வெள்ளை வெளேரென்று கடலைப் பார்த்து நிற்கிறது. மேரி என்றால் பிரெஞ்சில் நகராட்சி மன்றம் என்றுதான் அர்த்தமாம். 1880-லேயே இந்த ஊரில் கொம்யூன் (பிரெஞ்சுக்காரர் பிரித்த உள்ளாட்சிப் பகுதி) வாரியாக நகராட்சி வந்துவிட்டது. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்று ஓட்டுப் போட்டார்களே, அவர்கள் யார்? பிரதிநிதி சபை உறுப்பினர்களும் முனிசிபல் கவுன்சிலர்களும். இந்த ஊர் எந்த நாட்டில் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தவர்களில் கவுன்சிலர்கள் இருந்தார்கள். இன்றைக்கு என் பேத்திக்கு அந்தச் சொல்லுக்கே அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேர்தல் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்புகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் மூத்த மகளைக் கடலூர் செம்மண்டலத்தில் கொடுத்திருக்கிறேன். கன்னியகோவில், முள்ளோடை தாண்டினால் தமிழ்நாடு. கடலூர் 1866-லிருந்து நகராட்சி. 2021-ல் மாநகராட்சி ஆகி, 45 வார்டுக்கும் 2022 பிப்ரவரி 19-ல் தேர்தல் நடந்தது. அவள் வார்டில் ஜெயித்தது ஒரு பெண். கணவரை முன்னால் அனுப்பாமல் தானே வருகிறார் என்று மகள் பெருமையாகச் சொல்வாள். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணைத் தண்ணீர் பெண்ணையாற்றில் புரண்டு வந்து செம்மண்டலம் பக்கமெல்லாம் மூழ்கியபோது, முழங்கால் தண்ணீரில் பால் பாக்கெட்டோடு அந்த அம்மாதான் வந்தாராம். இங்கே என் தெருவில் அதே வாரம் வந்தவர்களுக்கு என் வீடு எது என்றே தெரியாது.

ஆனால் அங்கேயும் ஒரு கதை இருக்கிறது. பிப்ரவரியில் ஓட்டு, ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்கச் சொத்து வரி ஏறியது. கடலூரில் வீடு 600 சதுர அடிக்குள் என்றால் 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. மருமகன் வீடு 900 சதுர அடி. அவருக்கு வரி ஏறியது கூடப் பெரிய கோபம் இல்லை. "ஓட்டுக் கேட்டு வந்தப்ப ஒருத்தர் கூட இதைச் சொல்லலையே அத்தை" என்பதுதான் கோபம். முடிவு மாநில அரசுடையது, மாநகராட்சிகள் தீர்மானம் போட்டன, இருக்கட்டும். வாசலில் நின்று கும்பிட்டவர்கள் தண்ணீர் வரும், ரோடு வரும் என்றார்களே தவிர, பில் வரும் என்று யாரும் சொல்லவில்லை. 2027-ல் அவர்களுக்கு அடுத்த தேர்தல் வர வேண்டும். மருமகன் அந்தப் பழைய நோட்டீஸ்களையெல்லாம் கட்டி வைத்திருக்கிறார், அப்போது கேட்பதற்கு.

அதனால்தான் எனக்கு ஒரு விசித்திரமான ஆசை. எங்கள் வார்டில் நிற்பவர்களில் யாராவது ஒருவர் வந்து, "அம்மா, உங்க கடைக்குக் குப்பைக்கு மாசம் 100 ரூபாய் கட்டணம் போடுவேன். அதுக்குப் பதிலா பிரிச்ச குப்பையைப் பிரிச்சே எடுத்துப் போவேன், ஞாயிற்றுக்கிழமையும் வண்டி வரும். வராத நாளுக்குக் காசு கழிச்சுக்கலாம்" என்று சொல்ல வேண்டும். அவருக்கு என் ஓட்டு, என் வீட்டில் இருக்கும் இன்னும் மூன்று ஓட்டு. எல்லாம் இலவசம் என்று வருகிறவர்களின் நோட்டீஸை நான் வடை மடிக்கக் கூடப் பயன்படுத்த மாட்டேன். அச்சு மை எண்ணெயில் ஊறும்.

கூடவே ஒரு தாள் கேட்கிறேன், அரைப் பக்கம் போதும். எங்கள் தெருவின் குழாய் யாருடையது, வாய்க்கால் யாருடையது, சிலாப் யாருடையது, விளக்கு யாருடையது, பழுதானால் எத்தனை நாளில் வருவார்கள், வராவிட்டால் அடுத்து யாரிடம் போவது. ஜெயித்த பிறகு வேண்டாம், கும்பிட வரும்போதே கையில் கொண்டு வர வேண்டும். தெரியாவிட்டால் அலுவலகம் அலுவலகமாக அலைந்து தெரிந்துகொண்டு வரட்டும். நான் அலைந்தேன், அவர்களும் ஒரு முறை அலையட்டும். குடிநீரும் வாய்க்காலும் நகராட்சி கைக்கே வர வேண்டும் என்று மன்றத்தில் முதல் தீர்மானமாகப் போடுவேன் என்று அந்தத் தாளின் கீழே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. அதை லேமினேட் செய்து கல்லாவுக்குப் பின்னால், லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைப்பேன். ஐந்து வருடமும் சாப்பிட வருகிற எல்லாரும் பார்ப்பார்கள்.

கடை காலை ஆறு மணிக்குத் திறக்கும். வேட்பாளர்கள் தயவுசெய்து பத்து மணிக்கு மேல் வரவும். அதற்கு முன்னால் வந்தால் இட்லி கிடைக்கும், பேச நேரம் இருக்காது. கடப்பைக் கல் இன்னும் வாசலில்தான் இருக்கிறது, பார்த்துக் கால் வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இட்லிக் கடைக்காரி ஒருத்தி,
நெல்லித்தோப்பு, புதுச்சேரி.